சிப்பித் துண்டுகளுக்கு இடையே இருப்பது சேறா, படிகமா?

கேள்வி: புவியியல் முதுநிலை மாணவி நான். களப்பணியில் எடுத்த சுண்ணாம்புக்கல்லில் சிப்பித் துண்டுகளுக்கு இடையே சாம்பல் நிறத்தில் மிக நுண்ணிய பொருள் நிறைந்திருக்கிறது. அது கடலடியில் படிந்த சேறா, பின்னர் வளர்ந்த கால்சைட் படிகமா? சேறு என்றால் அங்கே கடல் அமைதியாக இருந்தது என்று எழுதலாமா?

பதில்: அமிலம் இதில் உதவாது, இரண்டும் கால்சைட்தான் (கால்சியம் கார்பனேட் கனிமம்) என்பதால் ஒரேபோல் நுரைக்கும். கல்லை அறுத்து, முகத்தை வழவழப்பாகத் தேய்த்து, நனைத்து, 10 மடங்கு கைலென்சில் பாருங்கள். சேறு இறுகியதான மைக்ரைட் மங்கலாகத் தெரியும். படிகமோ கல்லைத் திருப்பும்போது ஆங்காங்கே மினுங்கும். இறுதி முடிவை நுண்ணோக்கியில்தான் எடுக்க வேண்டும். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்த கல் சீவலான மென்வெட்டில் மைக்ரைட் பழுப்புச் சாயலுடன் கலங்கியிருக்கும். அதன் துகள்கள் சுமார் 4 மைக்ரானுக்கும் சிறியவை. இடைவெளியில் வளர்ந்த படிகம் தெளிவாக இருப்பதோடு, சிப்பியின் விளிம்பில் சிறிதாகத் தொடங்கி நடுவை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே போகும். இந்த ஒழுங்கு இல்லாமல், கலங்கலான பகுதி திட்டுத்திட்டாகத் தெளிந்து, எல்லை மங்கி இருந்தால், அது பிற்பாடு மறுபடிகமான சேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சேறு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரே விடை இல்லை. பஹாமாஸ், புளோரிடா ஆழமற்ற கடல்களில் பெனிசில்லஸ் போன்ற பச்சைப் பாசிகள் மடியும்போது உதிரும் நுண்ணிய அரகோனைட் (கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவம்) ஊசிகள் பெரும்பங்கு தருகின்றன. மீன்களின் குடலில் உருவாகும் கார்பனேட்டும் சேர்கிறது. கடல்நீர் பால்போல் வெளுக்கும் நிகழ்வில் சேறு நீரிலிருந்தே நேரடியாகப் படிகிறதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஐரோப்பாவின் கிரிட்டேசியஸ் காலத்து (டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டம்) வெண்சுண்ணப் பாறையான சாக் (chalk) பெரும்பாலும் காக்கோலித் எனப்படும், நுண்ணிய கடற்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகளால் ஆனது. ஆகவே இன்றைய பஹாமாஸை எல்லாக் காலத்துக்கும் அளவுகோலாக வைக்க வேண்டாம்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். சுண்ணாம்புக்கற்களை வகைப்படுத்த 1962-இல் புவியியலாளர் டன்ஹாம் வகுத்த முறைப்படி, சிப்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தாங்குகின்றனவா, சேற்றில் மிதக்கின்றனவா என்று முதலில் குறியுங்கள். மிதந்தால் அலை சேற்றை அலசிக் கொண்டுபோகவில்லை என்று துணிந்து எழுதலாம். ஆனால் நீர் அசைவற்றிருந்தது என்று எழுத முடியாது. சுண்ணாம்புச் சேறு திரளைகளாகச் சேர்ந்து, ஓடும் நீரிலும் படியும் என்று 2013-இல் வெளியான நீர்த்தொட்டிச் சோதனைகள் காட்டின; கடற்புல் படுகைகளும் அலையைத் தணித்துச் சேற்றைப் பிடித்துவைக்கின்றன. அதனால் அடுக்கு நெடுக நீரோட்டத்தைக் காட்டும் மெல்லிய குறுக்கடுக்குகள் (சாய்வான நுண்ணடுக்குகள்), அரிப்புத் தளங்கள், உயிரினங்கள் தோண்டிய வளைத் தடங்கள் உள்ளனவா என்று பார்த்த பிறகே அறிக்கையில் "அமைதியான கடல்" என்று எழுதுங்கள்.