செரட்டோனின் குறைந்தால் விலங்கு கடிக்குமா?

விலங்கு மூளை ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதால் சிங்கப்பூரின் பல பேட்டைகளிலிருந்து எனக்கு வந்த கேள்விகள் இவை. செரட்டோனின் என்பது மூளையில் நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள்.

உட்லண்ட்ஸ்: அக்கா, மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் ஒரு குரங்கு என் பையைப் பிடுங்கிவிட்டது. அதற்கு செரட்டோனின் குறைவோ?

இல்லை தம்பி, யாரோ ரொட்டி போட்டுப் பழக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அமெரிக்காவின் தென் கரோலினாவை ஒட்டிய ஒரு தீவில் ரீசஸ் குரங்குகள் காட்டில் போலவே திரிகின்றன. ஆண் குரங்குகளின் தண்டுவட நீரை எடுத்து, செரட்டோனின் சிதைந்து உண்டாகும் பொருளை அளந்தார்கள். அது குறைவாக இருந்தவை சண்டை என்று இறங்கினால் பெருங்காயம் வரை போயின. உயரமான மரங்களில் ஆபத்தான தூரம் தாவின. இளவயதில் இறந்தவையும் அவற்றில்தான் அதிகம். மற்ற குரங்குகளும் சண்டை போடத்தான் செய்யும், எங்கே நிறுத்துவது என்று அவற்றுக்குத் தெரியும். கோபத்தை உண்டாக்குவதோ அணைப்பதோ செரட்டோனின் வேலை இல்லை, அது பிரேக் என்பது என் கணிப்பு.

ஜூரோங்: சரி, அதிகம் இருந்தால் பயந்தாங்கொள்ளியா?

நேர்மாறு. 1991-இல் வெளிவந்த ஆய்வில் வெர்வெட் குரங்குக் கூட்டங்களிலிருந்து தலைவனை எடுத்துவிட்டு, மீதி ஆண்களில் ஒன்றுக்கு செரட்டோனினைக் கூட்டும் மருந்து கொடுத்தார்கள். தலைமை அதற்கே போனது. கடித்து வாங்கவில்லை, பெண் குரங்குகளுக்குப் பேன் பார்த்து ஆதரவு சேர்த்துக்கொண்டது!

தெம்பனிஸ்: எல்லா உயிருக்கும் இதே கதையா?

இல்லை, சிங்கி இறாலிடம் போய்க் கேளுங்கள். தோற்றுப் பின்வாங்கும் இறாலுக்கு செரட்டோனின் ஊசி போட்டால் மறுபடி சண்டைக்கு நிற்கிறது.

ஈசூன்: எங்கள் நாய் லிஃப்டில் எல்லாரையும் பார்த்து உறுமுகிறது. வாழைப்பழத்தில் செரட்டோனின் உண்டாமே, கொடுக்கலாமா?

பழம் கொடுங்கள், பிடித்தால் தின்னட்டும். அதிலுள்ள செரட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. உடலில் ஏறக்குறைய 90 விழுக்காடு செரட்டோனின் குடலில்தான் இருக்கிறது, அதுவும் அப்படியே. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் மூளையில் செரட்டோனினைக் கூட்டும் ஃபுளூவாக்ஸெடின் மாத்திரை எழுதினாலும் பலன் தெரிய சில வாரம் ஆகும், பயிற்சியும் கூடவே வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று உங்கள் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

அங் மோ கியோ, தொடக்கக் கல்லூரி மாணவி: 'செரட்டோனின் குறைவு, அதனால் ஆக்ரோஷம்' என்று தேர்வில் எழுதலாமா?

வேண்டாம்மா. செரட்டோனினைச் சிதைக்கும் எம்ஏஓ-ஏ நொதி இல்லாத எலிகளை 1995-இல் விவரித்தார்கள். குட்டிகளின் மூளையில் செரட்டோனின் 9 மடங்கு வரை ஏறியிருந்தது, வளர்ந்த ஆண் எலிகளோ கடித்துக் குதறின. எந்த வயதில், எந்த ஏற்பியில் (செரட்டோனின் வந்து ஒட்டும் நரம்பணுப் புரதம்) என்பதையும் சேர்த்து எழுது.