சூடோமோனாஸையும் காப்பரையும் ஒரே டேங்க்ல ஊத்தலாமா?

கேள்வி: ஐயா, தக்காளி நட்டு 40 நாள் ஆச்சு. மதியம் வாடுது, சாயங்காலம் நிமிருது, ரெண்டு மூணு நாள்ல இலை பச்சையா இருக்கும்போதே செடி செத்துப் போகுது. கடைக்காரர் சொன்னாருன்னு சூடோமோனாஸ் பவுடரையும் காப்பர் ஆக்ஸிகுளோரைடையும் ஒண்ணா கலந்து வேர்ல ஊத்துனேன், ஒண்ணும் கேக்கல. டோஸை ரெண்டு மடங்கு ஆக்கலாமா?

பதில்: ஆக்காதீங்க தம்பி. சூடோமோனாஸ்ங்கிறது உசுருள்ள நல்ல பாக்டீரியா, நீங்க ஊத்துனதுல எத்தனை உசுரோட வேருக்குப் போச்சுன்னு தெரியாம டோஸைக் கூட்டி என்ன ஆகப்போகுது?

முதல்ல நோய் என்னன்னு பாருங்க. வாடுன செடியோட அடித்தண்டுல ஒரு துண்டு வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணில முனை மட்டும் முங்குற மாதிரி பிடிங்க, ஆட்டக்கூடாது. கொஞ்ச நேரத்துல பால் மாதிரி வெள்ளை இழை கீழ இறங்குனா அது பாக்டீரியா வாடல். அப்படி வராம தண்டு உள்ள பழுப்புக் கோடு மட்டும் இருந்தா பெரும்பாலும் ஃபியூசேரியம் பூஞ்சை. நீங்க சொல்ற பச்சை வாடலுக்கு எனக்கு முதல்ல சொன்னதுமேலதான் சந்தேகம், அது தண்டுக்குள்ள ஏறுனப்புறம் எதை ஊத்துனாலும் அந்தச் செடி திரும்பாது.

இப்ப அந்தக் கலவைக்கு வரேன். காப்பர் கிருமியோட செல் சவ்வையும் உள்ள இருக்கிற புரதத்தையும் சேதப்படுத்தித்தான் கொல்லுது, சவ்வு கிழிஞ்சா உள்ள இருக்கிற உப்பு, சத்தெல்லாம் வெளிய ஒழுகிடும். கெட்ட பாக்டீரியா நல்ல பாக்டீரியான்னு அதுக்கு ஆள் பாக்கத் தெரியாது. சூடோமோனாஸ் வித்து உண்டாக்காத ஜாதி, அதனால காப்பர், வெயில், ஈரம் காயுறது எல்லாத்தையும் அந்த மெல்லிசு சவ்வை வச்சே தாங்கணும். இன்னொரு நல்ல பாக்டீரியாவான பேசில்லஸ் சப்டிலிஸ் பரவால்ல, கெட்டி ஓடு போட்ட வித்தா தூங்கும், ஆனா முளைச்சப்புறம் அதுக்கும் இதே கதிதான். அந்த பேசில்லஸ் விடுற இடுரின்ங்கிற பொருளும் பூஞ்சையோட சவ்வுல ஓட்டை போட்டுத்தான் வேலை செய்யுது, சண்டையே சவ்வுலதான் நடக்குது, அங்க போய் நாமளே காப்பரை ஊத்துறோம். பாக்டீரியாவைக் கொல்ற ஸ்ட்ரெப்டோமைசினும் இந்த நல்ல பாக்டீரியாக்களோட சேரக்கூடாது. ட்ரைக்கோடெர்மாங்கிற உயிர் மருந்து ஒரு நல்ல பூஞ்சைங்கிறதால பூஞ்சையைக் கொல்ற கார்பெண்டசிம், ப்ரோப்பிகோனசோல் ரெண்டும் அதுக்கு ஆகாது. ரசாயனத்துக்கும் உயிர் மருந்துக்கும் நடுவுல 10-15 நாள் விடுங்க.

ரெண்டையும் ஒரே பில்லுல போட்டுக் கொடுக்கிற கடைக்காரருக்கு ரெண்டு டப்பா வித்துப்போச்சு, அவ்ளோதான் அவர் கணக்கு. பாக்கெட்ல கிராமுக்கு 10 கோடின்னு அச்சடிச்சிருந்தா அது தயாரிச்சப்போ இருந்த எண்ணிக்கை, டால்க் பவுடர்ல மாசம் ஆக ஆக குறையும், தகரக் கூரை போட்ட குடோன்ல சூட்டுல கிடந்தா இன்னும் வேகமா குறையும். என்னைக் கேட்டா பிராண்டைப் பாக்காதீங்க, தயாரிச்ச தேதியைப் பாருங்க. புதுசு வாங்கி நல்லா மக்குன எருவுல கலந்து நிழல்ல ஈரம் காயாம கொஞ்ச நாள் வச்சு, சாயங்காலமா ஈரமண்ணுல வைங்க. அதுவும் நடுறதுக்கு முன்னாடியே. நோய் வந்தப்புறம் ஊத்துறதுக்கு அது ஊசி மருந்து இல்ல.

பாக்டீரியா வாடல்தான்னு தெரிஞ்சா செத்த செடியை வேரோட, மண்ணோட புடுங்கி வெளிய கொண்டுபோய் எரிச்சிடுங்க, வரப்புல போடாதீங்க. அந்த வரிசைத் தண்ணி அடுத்த வரிசைக்குப் பாயாம மடையைக் கட்டுங்க, களை வெட்டும்போது வேர் அறுபடாம பாத்துக்கங்க. அடுத்த போகம் அங்க கத்தரி, மிளகா, உருளை எதுவும் வேண்டாம், மக்காச்சோளம் போடுங்க.