பென்சிலால் எழுதிய கொப்பி

கேள்வி: ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 28. பதினைந்து வயதிலிருந்து முதலாம் வகை நீரிழிவு. தினமும் நான்கு தடவை இன்சுலின். விரலில் குத்திப் பார்த்த சீனி அளவைக் கொப்பியில் பென்சிலால் குறித்து, கிளினிக்குக்கு முதல் நாள் ஒழுங்குபடுத்திக் கொண்டுபோவேன். கொப்பியில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை மட்டும் 9.4 என்று கூடுதலாக வந்தது. டாக்டர் இரவு ஊசியைக் கூட்டினார். இப்போது சில நாட்களில் விடியுமுன் வியர்த்து, கை நடுங்கி விழிக்கிறேன். திருமணமாகி எட்டு மாதம். நோயைப் பற்றிக் கணவருக்குத் தெரியும், மாமிக்குச் சொல்லவில்லை. சீனி பார்க்கும் மீற்றர் பழுதாகியிருக்குமா?

பதில்: மீற்றர் இருக்கட்டும், மகள். ஏன் பென்சில்?

ஆசிரியையின் பையில் பேனைக்கா பஞ்சம்? கிளினிக்குக்கு முதல் நாள் நீங்கள் ‘ஒழுங்குபடுத்துவது’ என்ன? 240 இருந்த இடத்தில் 140 வருகிறது. ஏச்சுக்குப் பயந்து இப்படிச் செய்பவர்கள் எனக்கு நிறைய எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் கணக்குக் கொப்பியில் அழித்துத் திருத்தினால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பீர்களா?

எச்பிஏ1சியை அழிக்க முடியாது. சிவப்பணுக்களில் ஒட்டிய சீனியை அளக்கும் பரிசோதனை அது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லிவிடும். ஆனால் எந்த நேரத்தில் சீனி கூடியது என்று அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது உங்கள் கொப்பி. நீங்கள் அதன் வாயை அடைத்துவிட்டீர்கள். டாக்டர் ஊகித்து இரவு ஊசியைக் கூட்டினார். சீனி ஏறியது பகல் சோற்றுக்குப் பிறகாக இருந்தால்? பகலில் ஏறியதற்கு இரவில் மருந்து! அந்த வியர்வையும் நடுக்கமும் சீனி இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அடுத்த கிளினிக் வரை காத்திராமல் இந்தக் கிழமையே டாக்டரிடம் போங்கள். மீற்றரையும் கொண்டுபோங்கள், பார்த்த அளவுகள் பெரும்பாலும் அதன் நினைவில் இருக்கும். அழித்ததைச் சொல்லுங்கள். ஏசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை சாப்பாட்டுக்கு முன்பும், படுக்குமுன்னும், நடுக்கம் வரும் போதெல்லாமும் பாருங்கள். சில நாள் இரவு மூன்று மணிக்கும் எழுந்து பாருங்கள். நம் குளிரில் விரல் விறைத்துக் கிடக்கும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, நுனியின் ஓரத்தில் குத்துங்கள். பழம் உரித்த கையோடு குத்தினால் இல்லாத சீனியைக் காட்டும். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

மாமியிடம் மறைத்தது எனக்கு இன்னும் கோபம் தருகிறது. ஓர் இரவு நீங்கள் விழிக்கவில்லையென்றால்? பதறி ஓடிவரும் அந்த மனுஷி அன்போடு வாயில் தேநீர் ஊற்றுவார். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இது தெரியாதவரோடு ஒரே கூரையின் கீழ் எட்டு மாதம் இருந்திருக்கிறீர்கள். உங்கள் கணவரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். மனைவியின் உயிரைவிடத் தாயின் முகச்சுளிப்பு அவருக்குப் பெரிதா? சொல்ல வேண்டியது அவர்தான். நீங்கள் பக்கத்தில் இருங்கள், அவர் வாயால் சொல்லட்டும். குத்திப் பார்க்கவும் அவர் பழக வேண்டும்.

மாமி சத்தம் போடலாம், சில நாள் பேசாமலும் இருக்கலாம். இருக்கட்டும். சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது, எப்போது கரைத்துத் தர வேண்டும் என்று அவருக்கும் காட்டிக்கொடுங்கள். இன்றிரவு பார்க்கும் அளவைப் பேனையால் எழுதுங்கள்.