வீட்டில் பதிவு செய்த ராக் ஆல்பம் கரகரவென்று இருந்தும் விமர்சகர்கள் ஏன் கொண்டாடுகிறார்கள்?

இதை 'லோ-ஃபை' என்பார்கள். ஸ்டுடியோவுக்குப் போகாமல், கையில் இருக்கிற கருவியை வைத்து வீட்டிலேயே பதிவு செய்வது. அமெரிக்காவின் ஓஹாயோவில், டேட்டன் ஊர்க் குழுவான கைடட் பை வாய்சஸ் 1994இல் வெளியிட்ட 'பீ தவுசண்ட்' நல்ல உதாரணம். பாடகர் ராபர்ட் பொல்லார்ட் பள்ளி வாத்தியாராக இருந்தவர்.

கரகரப்பு எப்படி வருகிறது? கேசட் நாடாவின் அகலமே 4 மில்லிமீட்டருக்குள்தான். அதை நான்கு தடமாகப் பிரித்து கிட்டார், டிரம்ஸ், குரல் என்று தனித்தனியாக ஏற்றுவார்கள். தடம் போதாவிட்டால் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒன்றில் மறுபடி பதிவார்கள். ஒவ்வொரு தடவையும் நாடாவின் 'உஸ்' இரைச்சல் கூடும்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அம்மன் கொடையில் யாரோ டேப்ரிக்கார்டரில் பிடித்த வில்லுப்பாட்டுக் கேசட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்துச் சத்தம், நாய்க் குரைப்பு, நடுவே பிள்ளை அழுகை. ஆனாலும் சாமி வருகிற கட்டத்தில் உடம்பு சிலிர்க்கும். ஸ்டுடியோக் கேசட்டில் எனக்கு அது கிடைத்ததே இல்லை. விமர்சகர்கள் மெச்சியதும் அந்த முதல் மூச்சைத்தான்.

இரைச்சல் இருந்தாலே நல்ல ஆல்பம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 'பீ தவுசண்ட்' நின்றது அதன் மெட்டுகளால்.