சாயங்காலச் சைக்கிளுக்கும் சாப்பாடு வேண்டும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறவர்கள் சாப்பாட்டையும் தண்ணீரையும் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். சிலவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் காலையில் என்ன சாப்பிடலாம் என்றுதான் கேட்கிறீர்கள், ஆனால் நீங்கள் எழுதும் களைப்பு, தலைவலி, கால் பிடிப்பு எல்லாமே சாயங்காலம் திரும்பி வரும்போதுதான் வருகிறது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு வீடு வந்து சேரும்வரை வயிற்றுக்கு வெறும் சாயாதான் கிடைக்கிறது என்றால் வேறு என்ன நடக்கும்?

திங்கள்சந்தையிலிருந்து நாகர்கோவிலுக்கு சைக்கிளில் போகிறேன். காலை ஆறரைக்குக் கிளம்பும்போது கட்டன்சாயா மட்டும்தான். வெறும் வயிற்றில் ஓட்டினால் கொழுப்பு கரையும் என்று நண்பன் சொல்கிறான். அப்படியே தொடரலாமா?

நிதானமாக ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு வயிறு நிறைய எதுவும் தேவையில்லை. ராத்திரித் தூக்கத்தில் கல்லீரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்புதான் குறையும், கால் தசைகளில் இருப்பது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், அதனால் வண்டி ஓடிவிடும். தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது என்றால் மட்டும் கிளம்பும் முன் ஒன்றிரண்டு மட்டிப்பழம் சாப்பிடுங்கள். கொழுப்பு விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதில் பாதிதான் உண்மை. வெறும் வயிற்றில் ஓட்டும்போது கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக எரியும், ஆனால் உடம்பு இளைப்பதும் இளைக்காததும் நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

நான் கவலைப்படுவது அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றி. வேலைக்குப் போய்ச் சேர்ந்து, முகம் கழுவி, இன்னொரு சாயா குடித்து, பதினோரு மணிக்கு இரண்டு வடை என்று காலைச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அது வேண்டாம். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒழுங்கான சாப்பாடு வேண்டும். புட்டும் கடலையும், இல்லை புட்டும் பயறும் பப்படமும், டிபன் பாக்ஸில் எடுத்துப் போக இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. இடியாப்பம் என்றால் முட்டைக்கறியோடு. ஆப்பத்துக்குச் சீனி போட்ட தேங்காய்ப்பால் மட்டும் என்றால் பசி சீக்கிரம் திரும்ப வந்துவிடும்.

வீடு நாகர்கோவில், வேலை ஆரல்வாய்மொழியில். காலையில் பறந்து போகிறேன். சாயங்காலம் தோவாளை தாண்டுவதற்குள் காலில் ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. ஜூன், ஜூலையில் இன்னும் மோசம். சத்து மாத்திரை ஏதாவது சொல்லுங்கள் அக்கா.

தம்பி, மாத்திரை வேண்டாம். உங்களுக்கு இரண்டு விஷயம் சேர்ந்து நடக்கிறது.

ஒன்று காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளி வழியாக மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது, முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். காலையில் அது உங்கள் முதுகைத் தள்ளுகிறது, சாயங்காலம் நெஞ்சில் அடிக்கிறது. எதிர்காற்றில் காலை வேகத்தையே பிடிக்கப் பார்த்தால் உழைப்பு எளிதில் இரண்டு மடங்காகும். அதனால் மே முதல் செப்டம்பர் வரை சாயங்காலம் வேகத்தைப் பார்க்காதீர்கள், கியர் இருந்தால் குறையுங்கள், கால் மணி நேரம் கூடுதலாக ஆகட்டும்.

இரண்டாவது, நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாடு. ஒரு மணிக்குச் சோறு, நாலு மணிக்குச் சாயா, ஆறு மணிக்கு சைக்கிள். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து ஒரு மனிதர் வைத்திருக்கக்கூடிய சர்க்கரைச் சேமிப்பு சுமார் 400 முதல் 500 கிராம்தான். நாள் முழுக்க நின்று வேலை பார்த்து, காலையில் எரித்ததை ஒழுங்காகத் திரும்ப நிரப்பாமல், எதிர்காற்றில் இறங்கினால் அது தீர்ந்துபோகிறது. கால் "ஒன்றுமே இல்லாத மாதிரி" ஆவது அதன் அடையாளம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் 40, 50 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் போதும், ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும். ஒரு பெரிய ஏத்தன்பழமே (நேந்திரம்பழம்) ஏறக்குறைய அவ்வளவு தரும். அவித்துச் சாப்பிட்டால் வயிற்றுக்கு இன்னும் இதம். வீட்டில் முந்திரிக்கொத்து இருந்தால் இரண்டு எடுத்துப் போங்கள், சிறுபயறும் வெல்லமும் சேர்ந்த அந்தப் பலகாரம் பையில் நசுங்காது, கெட்டும் போகாது, கடையில் வாங்கும் எனர்ஜி பார் இதற்கு மேல் ஒன்றும் செய்துவிடாது. அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) நல்லதுதான், ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே ஏறி உட்காராதீர்கள், ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள்.

மத்தியானச் சோற்றையும் குறைக்க வேண்டாம். சம்பா அரிசிச் சோறு, மீன்கறி, ஒரு தோரன், மோர் என்று சாப்பிடுகிறவர் அதைவிட்டு எதற்கு வேறு எங்கேயோ தேடவேண்டும்?

கருக்கு (இளநீர்) குடித்தால் போதுமா, ஓ.ஆர்.எஸ். கலக்க வேண்டுமா? (ஈத்தாமொழி வாசகர்)

ஈத்தாமொழியிலிருந்து இந்தக் கேள்வி வருவது எனக்கு மகிழ்ச்சி, தென்னைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அல்லவா. இளநீர் நல்ல பானம், பொட்டாசியம் நிறைய இருக்கிறது, சர்க்கரை அளவாக இருக்கிறது. ஆனால் வேர்வையில் அதிகம் போவது சோடியம், அதாவது உப்பு, அது இளநீரில் குறைவு. ஒரு லிட்டர் வேர்வையில் ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். அரை டீஸ்பூன் உப்பில் கிடைக்கும் அளவு அது. அதனால் கருக்கு குடித்த நாளிலும் உப்புப் போட்ட மோரோ, கஞ்சித்தண்ணீரோ ஒரு டம்ளர் உள்ளே போகட்டும். போகவர 30 கிலோமீட்டருக்கு ஓ.ஆர்.எஸ். தினமும் தேவையில்லை. வயிற்றுப்போக்கு, சித்திரை வெயிலில் சட்டையில் உப்பு வெள்ளையாகப் பூக்கும் அளவு வேர்வை, இந்த மாதிரி நாட்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதற்கு வீட்டிலேயே வழி இருக்கிறது. லீவு நாளில் சைக்கிளில் ஒரு சுற்று கிளம்பும் முன் எடை பாருங்கள், நடுவில் எதுவும் சாப்பிடாமல் திரும்பி வந்ததும் வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால் அரை லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது, வழியில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் போவது சாதாரணம். அதற்காக லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்வதும் தப்பு, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்பையும், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இளநீரையும் மருத்துவரிடம் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

பதநீர் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் குடியுங்கள், ஆனால் அதை உணவுக் கணக்கில் வையுங்கள், நூறு மில்லியில் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. திரும்பும் வழியில் ஒரு டம்ளர் மிக நல்லது.

நான் ஆசிரியை. பள்ளியில் கழிப்பறை சரியில்லை, அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சைக்கிளில் வீடு வந்து சேரும்போது தலை பிளக்கிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபினும் குறைவு என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்த மாதிரி எழுதுகிறவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை, அதுதான் மனதைக் கஷ்டப்படுத்துகிறது. தண்ணீரை அடக்கிக்கொண்டு இருப்பதால் தலைவலி மட்டும் இல்லை, சிறுநீர்த் தொற்று, கல் எல்லாம் வரும். கூட வேலை செய்கிற ஆசிரியைகள் எல்லோரும் சேர்ந்து நிர்வாகத்திடம் கேளுங்கள், இது சலுகை இல்லை. அது நடக்கும்வரை, காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் குடித்தால் கிளம்பும் முன் வீட்டிலேயே போய்விட்டு வரலாம். பள்ளியில் ஒரேயடியாகக் குடிக்காமல் வாய் வாயாக அவ்வப்போது குடியுங்கள், மொத்தமாகக் குடிப்பதைவிட அப்படிக் குடிப்பது உடம்பில் அதிகம் தங்கும். கடைசி வகுப்பு முடிந்ததும் ஒரு டம்ளர் மோர் உப்புப் போட்டு. வீடு சேர்ந்ததும் மீதியைக் குடியுங்கள்.

ஹீமோகுளோபினுக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை விடாதீர்கள். கூடவே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள்: சாப்பாட்டோடும், சாப்பிட்ட உடனேயும் சாயா வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், சாயாவில் உள்ள டானின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். முருங்கைக்கீரைத் தோரனோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சை பிழிந்ததோ இருந்தால் அந்த இரும்பு நன்றாக ஏறும். மீன், கோழி சாப்பிடுவீர்கள் என்றால் அதிலுள்ள இரும்பு இன்னும் எளிதாக ஏறும்.

ஆறு மாதமாக ஓட்டுகிறேன், தொப்பை அப்படியே இருக்கிறது.

ஒரு கிலோமீட்டருக்கு 20 முதல் 30 கலோரிதான் செலவாகும், உங்கள் எடையையும் வேகத்தையும் பொறுத்து. 20 கிலோமீட்டர் ஓட்டினால் 500 கலோரி என்று வையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சாயா, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் சீனியிலேயே 200 கலோரிக்குப் பக்கத்தில் திரும்ப வந்துவிட்டது. கூடவே தினம் ஒரு பழபஜ்ஜியும் ரசவடையும் என்றால் கணக்கு நேராகிவிடும். சீனியைப் பாதியாக்குங்கள், எண்ணெய்ப் பலகாரத்தை வாரத்தில் ஒரு நாளுக்கு வையுங்கள். சோற்றில் கை வைக்காதீர்கள், குறைத்தால் சாயங்காலம் பசி தாங்காமல் பஜ்ஜிக் கடையில்தான் போய் நிற்பீர்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், வயது 52. சைக்கிளில் போகலாமா?

போகலாம், போகத்தான் வேண்டும். ஆனால் எந்த மாத்திரை என்று பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை மிகவும் இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவையோ இன்சுலினோ என்றால் கவனம் வேண்டும், சைக்கிள் ஆரம்பித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டிவரலாம். கிளம்பும் முன் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். வழியில் வேர்த்து, நடுங்கி, கண் மங்கினால் உடனே இறங்கி மூன்று ஸ்பூன் அளவு குளுக்கோஸோ சீனியோ சாப்பிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். சரியாகவில்லை என்றால் மறுபடி அதே அளவு. "வீடு பக்கம்தான்" என்று ஓட்டிவிடாதீர்கள். அதிகம் ஓட்டிய நாளில் ராத்திரியிலும் சர்க்கரை இறங்கலாம், வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

புரோட்டீன் பவுடர் வாங்கவா? (மார்த்தாண்டம்)

வேண்டாம். 60 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 70 கிராம் புரதம் போதும். 100 கிராம் சாளையில் (மத்தி மீன்) ஏறக்குறைய 20 கிராம், முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு கிண்ணம் பயறில் பத்துக்கு மேல். மரச்சீனியில் புரதம் இல்லாத குறையை நம் ஆட்கள் மீன்கறி சேர்த்து எப்போதோ தீர்த்துவிட்டார்கள். குளச்சல் சாளை விலை குறைவாக இருக்கும் நாட்களில் பவுடர் டப்பாவின் விலைக்கு எத்தனை கிலோ வாங்கலாம் என்று பாருங்கள்.

பாட்டிலில் மோர் கொண்டுபோகலாமா? வாடை வந்துவிடுகிறது.

பிளாஸ்டிக் பாட்டிலில் வேண்டாம், வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் புளித்துவிடும், மூடியின் இடுக்கில் பூஞ்சை பிடிக்கும். சைக்கிள் பாட்டிலில் வெறும் தண்ணீர், மோருக்குத் தனியாக வாய் அகன்ற ஸ்டீல் பாட்டில், காலையிலேயே உப்பும் இஞ்சியும் தட்டிப் போட்டு, மத்தியானத்துக்குள் குடித்துவிடுங்கள். இரண்டையும் வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் பிரஷ் போட்டுக் கழுவி, மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் நின்றுவிடும், அப்போது இரண்டு பாட்டிலை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது.