கணக்கு நோட்டு

அன்புள்ள ஐயா,

தொண்ணூறுகளில் என் மாமா காட்பாடியில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது இரண்டு செட்டும் முப்பது கேசட்டும் கிடைத்தன. பத்திரமாக வைத்திருக்கிறேன். கூடவே கிடந்த கணக்கு நோட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டேன். வீடியோ கேம் வரலாற்றை எழுத ஆசை. உலகின் முதல் வீடியோ கேம் எது?

ஒரு வாசகர், சத்துவாச்சாரி

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேம் எது என்ற வழக்கு தீராதது. எதை வீடியோ கேம் என்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்து விடை 1950க்கும் 1972க்கும் நடுவே நகரும். கேசட்டை வாயால் ஊதாதீர்கள், ஈரம் பட்டுப் பின்கள் கெடும். சரி, இவை போகட்டும்.

நோட்டுகளைப் போட்டதை ஒரே வரியில் எழுதிவிட்டீர்களே! படித்ததும் கோபம்தான் வந்தது.

1958 அக்டோபரில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், பார்வையாளர்களுக்காக வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் மின் அலைகளைக் காட்டும் ஆசிலோஸ்கோப் கருவியின் திரையில் டென்னிஸ் ஆட வைத்தார். அதை ஆட ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். மறுவருஷமே அதைப் பிரித்துவிட்டார்கள். ஆனாலும் 1997இல் அங்கேயே திரும்பச் செய்ய முடிந்தது, சர்க்யூட் வரைபடத்தை யாரோ எறியாமல் வைத்திருந்ததால். ரால்ஃப் பேயர் என்ற அமெரிக்கப் பொறியாளர் டிவியில் விளையாடும் யோசனையை 1966 செப்டம்பர் 1 அன்று நான்கு பக்கமாக எழுதினார். டிவியில் மாட்டி வீட்டில் ஆடும் முதல் வீடியோ கேம் பெட்டியாக 1972இல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிஸிக்கு அதுதான் விதை. அவர் கொடுத்த தாள்கள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெட்டியை இழந்தாலும் காகிதம் இருந்தால் மீட்டுவிடலாம்.

உங்கள் கேசட்டுகளில் இருக்கக்கூடிய கான்ட்ரா, மாரியோ போன்ற கேம்கள் உலகமெங்கும் கிடைக்கும். காட்பாடியில் எந்தப் பையன் எத்தனை மணிக்கு வந்தான், யார் கடன் சொன்னான் என்பது அந்த நோட்டில் மட்டும்தான் இருந்தது.

குடியாத்தத்தில் நான் ஆடிய கடையிலும் அப்படி ஒரு நோட்டு உண்டு. கடைக்கார அண்ணன் யாருக்கும் பெயர் எழுத மாட்டார். தறிக்காரர் மகன், பீடிக்கடை சின்னவன். நான் 'கண்ணாடி'. அப்பா இறந்த வாரம் வீட்டில் இருக்க முடியாமல் அங்கே போய் உட்கார்ந்தேன். அண்ணன் ஒன்றும் கேட்காமல் டேங்க் கேமைப் போட்டுவிட்டார். நோட்டில் 'கண்ணாடி' என்று எழுதி, காசு எழுதும் இடத்தில் ஒரு கோடு இழுத்தார். பல வருஷம் கழித்து அந்தக் கோட்டைப் பார்க்கவே போனேன். கடையும் இல்லை, நோட்டும் இல்லை.

மாமா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்த ஞாயிறே போய் உட்காருங்கள். மணிக்கு எவ்வளவு வாங்கினார், கேசட்டுக்குப் பர்மா பஜார் வரை போனாரா, பெண்பிள்ளைகள் வந்தார்களா, கரண்ட் போனால் மீதி நேரத்தை எப்படிக் கணக்குப் பண்ணினார், எல்லாவற்றையும் கேட்டுத் தேதி போட்டு எழுதுங்கள். அப்புறம் அந்தப் பேப்பர் கடைக்கும் ஒரு நடை போங்கள். போன மாதம்தானே, லோடு இன்னும் கிளம்பாமல் இருக்கலாம்.