கேட்டால் சொல்கிறான், எழுதினால் வரவில்லை: பத்தாம் வகுப்பு அறிவியலில் மதிப்பெண் எங்கே போகிறது?

அம்மா, உங்கள் மகன் அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் 75-க்கு 38 வாங்கியிருக்கிறான். வீட்டில் கேட்டால் பதில் சொல்கிறான், தாளில் மட்டும் வரவில்லை, இன்னொரு டியூஷனில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்த விடைத்தாளைக் கையில் எடுங்கள். போன 37 மதிப்பெண் எங்கே போனது என்று தெரியாமல் எங்கே சேர்த்தாலும், முதல் பாடத்திலிருந்து மறுபடி ஒப்பிக்கத்தான் வைப்பார்கள். அதை அவன் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறான்.

அவனோடு உட்கார்ந்து பாருங்கள். திட்டுவதற்காக இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உண்மையைச் சொல்ல மாட்டான். மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு குறி போடச் சொல்லுங்கள்: பாடமே தெரியவில்லையா, தெரிந்தும் எழுதிய விதம் தவறா, நேரம் இல்லாமல் விட்டதா? நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது வகைதான் அதிகம் இருக்கும். அந்த வகையைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகாது.

எழுதிய விதம் என்று நான் சொல்வது கையெழுத்தை அல்ல. கணக்குகளைப் பாருங்கள். குழிலென்சின் குவியத் தொலைவு 50 செ.மீ., திறன் என்ன என்று கேட்டால், மீட்டருக்கு மாற்றாமல் 1-ஐ 50-ஆல் வகுத்து 0.02 என்று எழுதிவிடுகிறார்கள். 0.5 மீட்டராக மாற்றி, குழிலென்சு என்பதால் கழித்தல் குறியும் போட்டால் விடை -2 டையாப்டர். 10 ஓம், 15 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் கடைசி வரியில் 1/6 வரும். அதைத் தலைகீழாக்கினால்தான் 6 ஓம். பாதிப் பேர் 1/6-லேயே நின்றுவிடுவார்கள். 100 கிராம் நீரில் 25 கிராம் சர்க்கரை கரைந்திருந்தால் நிறை சதவீதம் 25 இல்லை, 20. வகுக்க வேண்டியது கரைசலின் நிறையான 125-ஆல், நீரின் நிறையால் அல்ல. இந்த மூன்றுமே பாடம் தெரிந்த பிள்ளைகள் செய்யும் பிழைகள். ஒவ்வொரு கணக்கிலும் கொடுக்கப்பட்டவை, சூத்திரம், பிரதியிடல், அலகுடன் விடை என்ற வரிசையைக் கைப்பழக்கமாக்கிவிட்டால் இவை பெரும்பாலும் நின்றுவிடும். விடை தவறினாலும் சூத்திரத்துக்கும் படிகளுக்கும் உரிய மதிப்பெண் மிஞ்சும்.

வேதியியலில் சமன்பாடு சமன்செய்யப்படாமல் இருக்கும், அல்லது வினை நடக்கும் நிபந்தனை அம்புக்குறியின் மேல் இருக்காது. எத்தனாலிலிருந்து ஈத்தீன் வரும் வினையில் அடர் கந்தக அமிலமும் 443 கெல்வினும் விடையின் ஒரு பகுதி, அலங்காரம் அல்ல.

உயிரியலில் படம். இதயத்தின் படத்தில் நம் இடது கைப்பக்கம் இருப்பது இதயத்தின் வலது பக்கம். இதை மறந்தால் மூவிதழ் வால்வும் ஈரிதழ் வால்வும் இடம் மாறி, வரிசையாக எல்லாப் பாகமும் தவறாகும். இடது வெண்ட்ரிக்கிளின், அதாவது இதயத்தின் இடது கீழறையின், சுவரைத் தடிமனாக வரையச் சொல்லுங்கள். உடல் முழுவதற்கும் இரத்தத்தை அழுத்தி அனுப்புவது அதுதான் என்று காரணம் தெரிந்தால் படம் மறக்காது. மரபியலில் புறத்தோற்ற (வெளியே தெரியும் பண்பின்) விகிதமா, ஜீனாக்க (உள்ளே இருக்கும் ஜீன் அமைப்பின்) விகிதமா என்று கேள்வியை இரண்டு முறை படிக்க வேண்டும். ஒருபண்புக் கலப்பில் முன்னது 3:1, பின்னது 1:2:1.

இனி மாநிலப் பாடத்திட்ட வினாத்தாள். ஒரு மதிப்பெண் 12. இரண்டு மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழு, நான்கு மதிப்பெண்ணிலும் பத்துக்கு ஏழு, ஏழு மதிப்பெண்ணில் மூன்று, ஒவ்வொன்றிலும் இது அல்லது அது. இதில் 22-ம் 32-ம் கட்டாய வினாக்கள். பெரும்பாலும் கணக்கோ, யோசித்து எழுத வேண்டியதோ அங்கே வரும். 32-ஐ விட்டுவிட்டு அந்தப் பகுதியில் வேறு ஏழு எழுதினாலும் ஆறுதான் கணக்கில் வரும். "இயற்பியலை விட்டுவிட்டு உயிரியலை மட்டும் படி" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு மதிப்பெண் வினாவில் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும், இரண்டும் பொருந்தவும் வேண்டும்.

நேரத்துக்கு ஒரு கணக்கு: ஒரு மதிப்பெண் பகுதிக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 30, நான்குக்கு 65, ஏழுக்கு 50. மூன்று மணி நேரத்தில் 20 நிமிடம் மிஞ்சும், அது அலகையும் படத்தின் பாகங்களையும் சரிபார்க்க.

தினமும் ஒரு மணி நேரம் போதும். புத்தகத்தை மூடிவிட்டு நான்கு மதிப்பெண் வினாக்கள் இரண்டையும் ஒரு கணக்கையும் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் அவனே சேர்க்கட்டும். அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் தனி நோட்டில் எழுதி வைத்தால், தேர்வுக்கு முந்தைய நாள் புரட்ட அதுவே போதும். வாய்விட்டுப் படிக்கும்போது பக்கம் பழகிப்போய், தெரிந்ததுபோல் தோன்றும். வெற்றுத்தாள் அப்படி ஏமாற்றாது. அவன் இதுவரை செய்யாதது இந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

செய்முறைத் தேர்வின் 25-ஐச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதில் 15-ம் எழுத்துத் தேர்வில் 20-ம் தனித்தனியாக எடுத்தால்தான் தேர்ச்சி. பதிவேடு முடிந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கும் அதே விடைத்தாள் உதவும். கணக்குகளில் பிழை வெறும் அலகுப் பிழையாக இருந்தால் இயற்பியல், வேதியியல், கணிதம் உள்ள குரூப்புக்குப் பயப்பட வேண்டாம். எந்தச் சூத்திரம் என்பதே பிடிபடவில்லை, படமும் விளக்கமும் மட்டும் நன்றாக வருகிறது என்றால், கணிதம் இல்லாத தாவரவியல்-விலங்கியல் குரூப்பைப் பற்றி அவனோடு பேசலாம். ஆனால் அதை எடுத்தால் பி.இ. வழி பெரும்பாலும் அடைபடும், இயற்பியலும் வேதியியலும் அங்கேயும் உண்டு. இதை இப்போது முடிவு செய்யாதீர்கள். திருப்புதல் தேர்வு விடைத்தாள்களிலும் இதேபோல் குறி போட்டு, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு அவனையே முதலில் சொல்ல விடுங்கள்.